குழந்தைவேலு குணமாக வேண்டும்

தலை உள்ளே போய்விட்டது. இனி நாற்பது நிமிடத்துக்கு இந்த மனிதர் என் கையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் குகைக்குள் இடுப்புவரை நுழைந்து, இரண்டு பாதங்கள் மட்டும் என்னைப் பார்த்து நிற்க, குழந்தைவேலு படுத்திருக்கிறார். அந்தப் பாதங்களின் மேல் போர்வையை நான்தான் இழுத்துவிட்டேன். குளிருதுங்களா என்றுகூடக் கேட்டேன். ஸ்கேனுக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான், வாய் தானாகக் கேட்டுவிட்டது, கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பரவாயில்லைங்க மேடம், உங்களுக்குத்தான் சிரமம் என்றார். மேடம். அன்றைக்கு ஏம்மா என்றுதான் கூப்பிட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி, நடுவில் கண்கள் மட்டும்தான் தெரிகின்றன, ஆனால் அது காரணமில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் மாஸ்க் இல்லாமல் இவர் மேஜைக்கு எதிரில் இருபது நிமிடம் நின்றேன், அப்போதும் இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற இரண்டு பேரைப் பார்த்துச் சிரித்தார். உட்காரச் சொல்லவில்லை. பார்க்காத முகம் எப்படி ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கிறது. சட்டைப் பையில் மூன்று பேனா. நீலம், கறுப்பு, சிவப்பு. பேசும்போது சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுவார். இன்றைக்கு உள்ளே அனுப்புமுன் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எலும்புதான் தட்டுப்பட்டது.

நேற்று மதியம் ஆராய்ச்சிப் பட்டியல் வந்தபோதே பார்த்துவிட்டேன். குழந்தைவேலு, அறுபத்து நான்கு, ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேலாளர். கோயம்புத்தூரில் அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். அடுத்த பக்கத்தில் எந்தத் தொழிற்சாலை என்று இருந்தது. நான் அப்போதே டாக்டர் பிரோஸிடம் போய், சார், இவர் எனக்குத் தெரிந்தவர், வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அந்தப் பெயருக்கு நேராக, ஸ்கேன் எடுப்பவர் என்ற இடத்தில், ரேணுகாதேவி என்று என் பெயரை எழுதினேன். கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாக வந்திருந்தது.

டாக்டர் பிரோஸின் ஆராய்ச்சி இதுதான். மனச்சோர்வு நோய் வந்தவர்களில் சிலருக்கு மாத்திரை கேட்கிறது, சிலருக்குப் பேச்சு சிகிச்சை கேட்கிறது, யாருக்கு எது கேட்கும் என்று முன்னாலேயே தெரிவதில்லை. கொடுத்துப் பார்த்து, எட்டு வாரம் காத்திருந்து, கேட்கவில்லையென்றால் மாற்றி, மறுபடி எட்டு வாரம். அதற்குப் பதிலாக, முதல் நாளே மூளையைப் படமெடுத்து, நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிற சில இடங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்த்து, இவருக்கு இது என்று சொல்லிவிட முடியுமா. ஜோசியம் இல்லை ரேணுகா, மழை வருமா என்று வானிலைக்காரர்கள் சொல்வது மாதிரி, தப்பவும் தப்பும் என்றார் டாக்டர். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய முறைப்படி சிகிச்சை. மீதிப் பாதிக்குப் படம் சொல்கிறபடி. குழந்தைவேலு படம் சொல்கிற பாதியில் விழுந்திருக்கிறார். இந்த நாற்பது நிமிடத்தில் நான் எடுக்கப்போகிற படத்தை வைத்துத்தான் அவருக்கு என்ன கொடுப்பது என்று முடிவாகும்.

ஆராய்ச்சி ஆரம்பித்த வாரமே நான் டாக்டரிடம் என் தம்பியைப் பற்றிக் கேட்டேன். லோகநாதனுக்கு முப்பத்தைந்து வயது. என் வீட்டுப் பின் அறையில் இருக்கிறான். இருக்கிறான் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதுவரை எத்தனை மருந்து கொடுத்தார்கள் என்றார். நாலு என்றேன். அவர் முகம் இறங்கியதைப் பார்த்தேன். இதுவரை எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்களைத்தான் இதில் சேர்க்கிறோம், மருந்து பட்ட மூளையின் படம் கணக்குக்கு ஒத்துவராது, மன்னித்துக்கொள் என்றார். மருந்து பட்ட மூளை. முதல் மாத்திரையில் வாய் வறண்டு, சோறு இறங்காமல், ராத்திரி பகல் தெரியாமல் எட்டு வாரம். இரண்டாவதில் பதினாலு கிலோ ஏறினான், பழைய பேன்ட் ஒன்றும் நுழையவில்லை, கண்ணாடியைத் துணி போட்டு மூடினான். மூன்றாவது மாத்திரை கேட்டது. ஒரு நாள் காலையில் அவனாக எழுந்து காபி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தான். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். ஐந்து வாரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. நாலாவதில் கை நடுங்கி எழுத முடியாமல் போனது. ஒவ்வொரு தடவையும் அந்தந்த டாக்டர் நல்லவராகத்தான் இருந்தார். இது கேக்கலைன்னா அடுத்தது பாக்கலாம்மா என்றார்கள். அடுத்தது, அடுத்தது. ஒரு மனுஷனின் இளமை இப்படி எட்டெட்டு வாரமாகப் போனது. அதற்கெல்லாம் ஆரம்பமாக இருந்தவர் இதோ புத்தம் புதிதாக, ஒரு மாத்திரைகூடப் படாத மூளையோடு வந்து படுத்திருக்கிறார், அவருக்கு நாற்பது நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

முதல் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே சம்மட்டி அடிக்கிற மாதிரிச் சத்தம், இங்கே கண்ணாடி தாண்டி வரும்போது பக்கத்து வீட்டில் தரைக்கு டைல்ஸ் உடைப்பது போலத்தான் கேட்கிறது. கன்சோல் அறையில் நான் ஒருத்திதான். நர்ஸ் ஹேமலதா டீ குடிக்கப் போயிருக்கிறாள், டாக்டர் புற நோயாளிகள் பிரிவில் இருக்கிறார், வெளி வராந்தாவில் குழந்தைவேலுவின் மனைவி அவருடைய கடிகாரத்தையும் மோதிரத்தையும் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரையில் மூளை ஒவ்வொரு சீவலாக வருகிறது. முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் எல்லோர் மூளையும், மேலாளர் மூளை என்று தனியாக ஒன்றுமில்லை. வயசுக்கு ஏற்றபடி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. நான் சக்கரத்தை உருட்டி உருட்டிச் சீவல்களுக்குள் போகிறேன், வருகிறேன். பதினாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், கட்டியைக் கண்டுபிடிப்பேன், அடைப்பைக் கண்டுபிடிப்பேன். இதில் எங்கே இருக்கிறது அந்தத் திங்கட்கிழமை. இந்த மடிப்பிலா, அந்த மடிப்பிலா. என் தலையில் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கண்ணை மூடினால் அங்கேதான் போய் நிற்பேன், நான் அந்த இடத்தில் இல்லாதபோதும். நான் கடிதம் கொடுத்தது வெள்ளிக்கிழமை. தம்பிக்கு மனச்சோர்வு, மூன்று வாரம் ஓய்வு தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம். அவனால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை, நான்தான் கொண்டுபோனேன். இவர் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, திங்கக்கிழமை காலைல ஆளை வரச் சொல்லும்மா, நேர்ல பேசிக்கிறேன் என்றார். நேரில் பேசுவார் என்று நம்பினேன். நான்தான் லோகுவை எழுப்பினேன், குளிக்க வைத்தேன், சட்டையை இஸ்திரி போட்டேன், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து கேட்டில் இறக்கிவிட்டேன். ஒண்ணும் ஆகாது, போய்ச் சொல்லிட்டு வா என்றேன். இதை நினைக்கும்போது சக்கரம் கையைவிட்டு வழுக்குகிறது. நான்தான் இறக்கிவிட்டேன்.

உள்ளே நடந்ததை அவனோடு வேலை பார்த்த ஒருவர் பிறகு வந்து சொன்னார். பம்புகளைச் சோதிக்கிற கூடத்தில் திங்கட்கிழமை காலைக் கூட்டம், நாற்பது பேர். இவர் லோகுவை முன்னால் வரச் சொல்லி நிற்க வைத்தார். சாருக்கு மனசு சரியில்லையாம், மூணு வாரம் லீவு வேணுமாம் என்றார். இங்க யாருக்கெல்லாம் மனசு சரியா இருக்குது, கை தூக்குங்க பாக்கலாம் என்றார். நாற்பது பேரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். வந்து சொன்னவரும் தூக்கியிருக்கிறார், அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். பாத்துக்கப்பா, உனக்கு மட்டும்தான் இல்லை என்று இவர் சொன்னாராம். லோகு அப்படியே நடந்து கேட்டைத் தாண்டி, பத்து கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு மூடிய கதவு. ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு, விடுவிப்புக் கடிதத்தில் மனநலக் காரணங்களால் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள், கீழே இவருடைய கையெழுத்து. அதைப் பார்த்த எந்தக் கம்பெனியும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. நோய் இவரால் வந்தது என்று சொல்லமாட்டேன், அது முன்னாலேயே வந்துவிட்டது, எனக்கு அந்த அளவுக்கு நியாயம் தெரியும். ஆனால் மூன்று வாரம் ஓய்வு எடுத்துவிட்டு அவன் திரும்பிப் போயிருக்கலாம். போயிருப்பானா. போயிருப்பான். அந்த மூன்று வாரத்தை இவர் எடுத்துக்கொண்டார். ஏழு வருஷமாக நான் இவரைக் கொன்றுகொண்டிருக்கிறேன், சமையல் செய்யும்போது, பஸ்ஸில் போகும்போது, ஒவ்வொரு நாளும் வேறு வேறு மாதிரி. ஒன்றில்கூட நான் இவர் காலுக்குப் போர்வை போர்த்திவிடவில்லை.

முதல் படம் முடிந்தது. அடுத்தது எட்டு நிமிடம், இதுதான் முக்கியமானது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிற மூளையைப் படமெடுப்பது. கணிப்பு முழுக்க இதை வைத்துத்தான். ஆடக் கூடாது, கண்ணை மூடக் கூடாது, மேலே கண்ணாடியில் தெரிகிற கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தூங்கிவிட்டால் மூளை வேறு மாதிரி ஓடும், படம் பொய் சொல்லும். அதற்காகவே உள்ளே ஒரு சின்ன காமிரா, அவருடைய வலது கண்ணை என் திரையில் உள்ளங்கை அளவுக்குக் காட்டுகிறது. பத்து விநாடி மூடியிருந்தால் நிறுத்தி, மைக்கில் எழுப்பி, மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். விதிமுறைத் தாளில் அந்த வரியை எழுதிச் சேர்க்கச் சொன்னதே நான்தான். மைக்கில் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். சரிங்க மேடம் என்றார். பொத்தானை அழுத்தினேன்.

இந்தக் கண். வெள்ளைப் பகுதி மஞ்சளாகியிருக்கிறது, ரப்பைக்குக் கீழே பை தொங்குகிறது. ஒன்றரை நிமிடம் திறந்திருந்தது. பிறகு ரப்பை ஒருமுறை தாழ்ந்து ஏறியது, மறுபடி தாழ்ந்தது, மூடிக்கொண்டது. நான் எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. விரல் மைக் பொத்தானுக்கு மேல் இருந்தது. பதினைந்து. இருபது. அழுத்தவில்லை. இவ்வளவுதானா, ஏழு வருஷம் நான் தேடியது இவ்வளவு சுலபமாக இருக்குமா, ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்தால் போதுமா. யாருக்கும் தெரியாது. படம் தெளிவாக வரும், ஆட்டம் இருக்காது, தூங்குகிறவன் ஆடமாட்டான். கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டு ஏதோ ஒரு விடை சொல்லும், தப்பான விடை. தப்பான சிகிச்சையில் எட்டு வாரம் இருப்பார். பிறகு அடுத்தது. அடுத்தது கேக்கலைன்னா அதற்கடுத்தது பாக்கலாங்க என்பார்கள். வாய் வறளட்டும். பேன்ட் நுழையாமல் போகட்டும். கண்ணாடியில் துணி போடட்டும். அவர் மனைவி பெயர் வசந்தாமணி, காலையில் என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டார், நான் கேட்காமலே. பீரோவைத் திறந்து எந்தச் சட்டை போடுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நிற்கிறாராம், அந்த அம்மாதான் எடுத்து மாட்டிவிடுகிறாராம். தட்டில் சோற்றைப் போட்டால் அது ஆறுகிறவரை பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். மூன்று மாதமாகத் தூக்கமே இல்லீங்க, வீட்டுக்குள்ள நடந்துட்டே இருப்பாருங்க என்றார். லோகுவும் சட்டைக்கு முன்னால் நிற்பான். லோகுவும் சோற்றைப் பார்ப்பான். இந்த நோய்க்கு வெட்கமே இல்லை, நல்லவனுக்கும் இவருக்கும் ஒரே மாதிரி வருகிறது, கொஞ்சம்கூட மாற்றி வரவில்லை. மூன்று மாதமாகத் தூங்காதவர் இந்தச் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில் என் கையில் தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கும், பார்க்க முடியவில்லை. தூங்கட்டும், இந்தத் தூக்கத்துக்கு விலை உண்டு. ஒரு நிமிடம் ஹேமலதா திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. அக்கா, கண்ணு மூடியிருக்குதே என்பாள். சற்று முன்தான் மூடினார் என்பேன். காமிராப் பதிவைச் சேமித்து வைப்பதில்லை. நான் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நேற்று மதியம் டிபன் டப்பாவைக் கழுவும்போதே யோசித்துவிட்டிருக்கிறேன். ஆறு நிமிடம். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அந்தக் கண்ணைப் பார்த்தேன். ஏழு நிமிடம். நான் சிரித்திருக்க வேண்டும், மாஸ்க்குக்குள் கன்னம் இறுகியது தெரிந்தது.

எட்டு நிமிடம் முடிந்து சத்தம் நின்றது. சத்தம் நின்றதும் கண் திறந்தது. பதிவுத் தாளில் கண்கள் முழு நேரமும் திறந்திருந்தன என்று டைப் செய்தேன். பிறகு மைக்கில், எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். அதுவும் பழக்கம்தான். அவர் உடனே சொன்னார், தூங்கிட்டேனுங்க மேடம், தூங்கக் கூடாதுன்னு சொன்னீங்க, தப்பு என்னுதுதான்.  அவராகச் சொல்லிவிட்டார். இப்போது இதை வெளியில் டாக்டரிடமும் சொல்வாரா. சொன்னால் நான் இல்லை என்பேன், மனச்சோர்வுக்காரர் சொல்வதை விடவா என் பேச்சு எடுபடாது. அப்படி நினைத்த அந்தக் கணம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது, லோகுவைப் பற்றியும் இப்படித்தானே எல்லோரும் சொன்னார்கள். அந்த எரிச்சலில்தான் கேட்டுவிட்டேன். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாஸ்க்கைக் கீழே இறக்கி, ஏனென்று தெரியவில்லை, அவர் பார்க்கப்போவதில்லை, என் குரல் முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்று இருந்தது.

"லோகநாதன்னு ஒருத்தர் உங்ககிட்ட வேலை பாத்தாருங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

 பாத்திருப்பாருங்க என்றார். டெஸ்டிங் செக்‌ஷன், அவரை நாப்பது பேர் முன்னாடி நிக்க வெச்சு எல்லாரையும் கை தூக்கச் சொன்னீங்க என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, நிதானமாக, விபரம் சொல்கிற குரலாக. ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்த வாக்கியம் இவ்வளவு சின்னதா.

"வெச்சிருப்பேனுங்க. நான்தான். என்னாலதான் எல்லாம்" என்றார்.

கேட்டுவிட்டேன். இதைத்தான் கேட்க நினைத்தேன், சரியாக இந்த வார்த்தைகளைத்தான், நான்தான் என்று, இவர் வாயால். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடிக்கப் போய் வெறும் டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் பேசிக்கொண்டே போனார். மருமகளுக்குக் குழந்தை தங்காததும் தன்னால்தான், வசந்தாமணிக்கு முட்டி தேய்ந்ததும் தன்னால்தான், இந்த மிஷின் இவ்வளவு கரண்ட் இழுக்கிறதே அதுவும் தன் ஒருத்தனுக்காகத்தான், உங்க சாப்பாட்டு நேரமும் என்னால கெட்டுப்போச்சு. ஒரே குரல். லோகுவுக்கும் கரண்டுக்கும் ஒரே குரல். எனக்குச் சந்தேகம் வந்தது, வந்ததும் பயமும் வந்தது, அதைச் சரிபார்க்காமல் விட முடியவில்லை. அதனால் ஒரு பொய் சொன்னேன்.

"உங்க கம்பெனி பஸ்ஸு பாலத்துல இருந்து கவுந்து ஏழு பேர் செத்தாங்களே, அது?"

அப்படி ஒரு பஸ் கவிழவே இல்லை. அந்தக் கம்பெனிக்குப் பஸ்ஸே கிடையாது, லோகு தினமும் ஸ்கூட்டரில்தான் போவான்.

"அதுவும் நான்தானுங்க மேடம்" என்றார் குழந்தைவேலு. "ஏழு பேரு. நான்தான்."

பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் அந்தக் கண் அழுதுகொண்டிருந்தது. கை உள்ளே கட்டுக்குள் இருக்கிறது, துடைக்க முடியாது, காதுப் பக்கம் வழிந்து நுரைத் தலையணைக்குள் போகும். கவிழாத பஸ்ஸுக்காக அழுகிறார். என் தம்பிக்காக ஒரு சொட்டு, இல்லாத ஏழு பேருக்காக ஏழு சொட்டு. எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், அந்த அறையில் அவர் மேஜைக்கு எதிரில் நின்றபோதுகூட அவ்வளவு வரவில்லை. தப்பித்துவிட்டார். நான் வருவதற்குள் தப்பித்துவிட்டார். அந்தக் கூடத்தில் சிவப்புப் பேனாவோடு நின்ற ஆள் இங்கே இல்லை, இங்கே படுத்திருப்பது உலகத்துப் பழியையெல்லாம் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்கிற வேறு யாரோ. இவரைத் தண்டித்தால் தண்டனை யாருக்குப் போகும். லோகுவும் இப்படித்தான், மழை பெய்து துணி நனைந்தால்கூட நான்தாங்க்கா என்பான், நான் அதைக் கேட்டுக் கேட்டு எத்தனை தடவை நோய் பேசுதுடா, நீ இல்லைடா என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நோய் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறது. எனக்கு நோயின் மன்னிப்பு வேண்டாம். நான் தப்பு செய்யவில்லை, கம்பெனியை அப்படித்தான் நடத்த முடியும் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். முதலில் மறுக்க வேண்டும். கோபப்பட வேண்டும். யாரும்மா நீ என்று கேட்க வேண்டும். மறுக்கத் தெரிந்தவன் ஒத்துக்கொண்டால்தான் அது ஒத்துக்கொள்வது. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தானே சட்டையைத் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டு வருகிற குழந்தைவேலுவின் தலைக்குள்தான் அந்தத் திங்கட்கிழமை போய் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் அதற்கு மாத்திரை இருக்கக் கூடாது.

மைக்கை அழுத்தினேன். பஸ்ஸு எதுவும் கவுழலைங்க, நான் வேற யாரோன்னு நெனச்சுக் கேட்டுட்டேன், அதை மறந்துருங்க என்றேன். அந்தப் பொய்யை அவரிடம் விட்டுவைக்க எனக்கு இஷ்டமில்லை, நிஜமானதற்கு இடம் வேண்டும். பிறகு சொன்னேன், இந்த எட்டு நிமிஷத்தைத் திரும்ப எடுக்கறேன், கண்ணை மூடாதீங்க. உங்களுக்குச் சிரமம்ங்களே என்றார். சிரமம் இல்லை என்றேன். உள்ளே போய்ப் படுக்கையை வெளியே இழுத்து, தலைக்கூண்டைத் திறந்து, பஞ்சால் கண்ணையும் காதோரத்தையும் துடைத்துவிட்டேன். அப்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். ஈரத்தோடு விட்டால் அரிக்கும், அரித்தால் தலை ஆடும், படம் கெடும், அதற்காகத்தான் துடைத்தேன். ஒரு உருண்டை பஞ்சைக் காதுக்கு அருகில் இறுக்கி வைத்தேன். மறுபடி உள்ளே அனுப்பினேன்.

இந்த எட்டு நிமிடம் நான் அந்தக் கண்ணைவிட்டு அசையவில்லை. ரப்பை தாழும்போதெல்லாம் முழுதாக மூடுமுன்பே மைக்கில் கூப்பிட்டேன், குழந்தைவேலு, கண்ணைத் திறங்க. சார் இல்லை, ஐயா இல்லை, வெறும் பெயர். திறந்தார். நாலாவது நிமிடம் ஒரு தடவை, ஐந்தரையில் ஒரு தடவை. ஹேமலதா வந்து என் பின்னால் நின்று, என்னங்க்கா இன்னும் முடியலையா என்றாள். முதல் தடவை தூங்கிட்டாரு, மறுபடி எடுக்கறேன் என்றேன். பதிவுத் தாளைத் திறந்து, நான் டைப் செய்திருந்த வரியை அழித்துவிட்டு, முதல் பதிவில் நோயாளி தூங்கிவிட்டார், தள்ளுபடி, இரண்டாவதை எடுத்துக்கொள்ளவும் என்று எழுதினேன். இவ்வளவு சுத்தமான படம் இந்த ஆராய்ச்சியில் இதுவரை வந்ததில்லை. ஒரு நூல் ஆட்டம் இல்லை. டாக்டர் பிரோஸ் நாளைக்குப் பார்த்துவிட்டு, ரேணுகா, உன் கை ராசி என்பார். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் இந்த ஆளுக்கு எது கேட்குமோ அதைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். மாத்திரையோ பேச்சோ, எதுவானாலும் முதல் தடவையே கேட்க வேண்டும், என் தம்பிக்குக் கேட்காதது இவருக்குக் கேட்க வேண்டும். இதை வேண்டிக்கொள்ளும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே கூட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் விட்டபோது வசந்தாமணி எழுந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, கடிகாரத்தைக் கணவர் கையில் மாட்டினார். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சரியாப் போயிருமுங்களா என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார், என்னிடம் எல்லோரும் கேட்பதுதான், நான் டாக்டர் சொல்வாருங்க என்று சொல்வதுதான் வழக்கம். இன்றைக்கு, போகணுங்க, கண்டிப்பாப் போகணும் என்றேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சிகிச்சை ஆரம்பித்துப் பன்னிரண்டாவது வாரம் மறுபடி ஒரு ஸ்கேன் உண்டு, கூட்டிக்கிட்டு வந்துருங்க என்று தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். குழந்தைவேலு போகும்போது திரும்பி, சிரமம் கொடுத்துட்டேனுங்க என்றார்.  என் பதில் இந்த ஆளுக்கு இல்லை, குணமாகி வரப்போகிறவருக்கு.

உள்ளே வந்து பணிப் பட்டியலை எடுத்து, மூன்று மாதம் தள்ளி அந்தத் தேதியைத் தேடி, வேறு யாரும் போடுமுன் என் பெயரைப் போட்டேன். அன்றைக்கு மாஸ்க் போடமாட்டேன். முதலில் அந்தப் பஸ்ஸைப் பற்றித்தான் கேட்பேன். அப்படி ஒண்ணும் நடக்கலையேம்மா, யார் சொன்னது என்று அவர் எரிச்சலாகச் சொல்ல வேண்டும். சொன்னால் ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு லோகநாதன் என்று ஒரே ஒரு பெயர், பேசுகிற தூரத்தில் நின்று. சொல்லவில்லையென்றால், அவர் இன்னும் கண்டதற்கெல்லாம் நான்தான் என்று அழுதுகொண்டிருந்தால், அடுத்த ஸ்கேனுக்கும் நான் இருப்பேன், அதற்கடுத்ததற்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே ஆட்டோவுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள், அவருக்கு ஏறத் தோன்றவில்லை, அந்த அம்மா முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளி ஏற்றுகிறார். இன்றைக்குச் சாயந்தரம் வசந்தாமணி மருதமலைக்குப் போய் வேண்டிக்கொள்வார் என்று காலையிலேயே என்னிடம் சொன்னார். நானும் வேண்டிக்கொள்வேன். இந்த ஊரில் குழந்தைவேலு குணமாக வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.